ஆறு சதுர மீட்டர் விருந்து

நாலு பேர் சேர்ந்து வெளியே சாப்பிடப் போனா இன்னிக்கு என்ன பில் வரும்னு உங்களுக்கே தெரியும். சாப்பாட்டுக்கு ஒரு தொகை, வரி, பார்க்கிங்னு நீண்டுகிட்டே போகும். பக்கத்து டேபிள்ல யாருக்கோ பொறந்தநாள்னா அந்தக் கைத்தட்டல் மட்டும் இலவசம். ஆற அமர பேசலாம்னு போனவங்களை ஒரு மணி நேரத்துல "வேற ஏதாவது வேணுமா சார்?"னு அன்பா எழுப்பி விட்ருவாங்க. அதனால எங்க செட்ல இப்பல்லாம் ஜமா யாராவது ஒருத்தர் வீட்லதான். மிளகு ரசம், அப்பளம், வர்றவங்க ஆளுக்கொண்ணா கொண்டு வர்ற பொரியல். முடிஞ்சது மேட்டர்.

இதைக் கஞ்சத்தனம்னு ஓட்டுற நண்பர்கள் இருக்காங்க. எனக்கு 'பட்ஜெட் பத்மநாபன்'னு பட்டமே குடுத்தாச்சு. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஒரு பெரிய தேசத்துல, ஏறக்குறைய முப்பது வருஷம், நண்பர்களைக் கூப்பிட்டு உக்கார வைக்க வீட்டு அடுப்படியை விட்டா நல்ல இடமே கிடையாதுங்கற நிலைமை இருந்துச்சு. அந்த அடுப்படியில பரிமாறினது உருளைக்கிழங்கும் ஊறுகாயும் டீயும்தான். ஆனா அங்க நடந்த பேச்சைக் கேக்க அரசாங்கமே ஆள் போட்டு, சுவத்துல மைக் வெச்சுது!

நான் சொல்றது சோவியத் யூனியனை.

அந்த ஊர் மேல நமக்கு ஒரு பழைய பாசம் உண்டு. எங்கப்பா தலைமுறையைக் கேட்டுப் பாருங்க, பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டது 'சோவியத் நாடு' பத்திரிகையோட வழவழ தாள்லதான்னு சொல்வாங்க. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம்னு மாஸ்கோவுல அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தகக் கடையில மலிவு விலைக்குக் கிடைச்ச தமிழ்ப் புத்தகங்கள் இன்னும் பல வீட்டுப் பரண்ல இருக்கு. அந்தப் பத்திரிகையில டிராக்டர் வரும், அணைக்கட்டு வரும், சிரிச்ச முகமா தொழிலாளி வருவார். அவர் ராத்திரி வீட்டுக்குப் போய் அடுப்படியில யாரோட, என்ன பேசினார்ங்கறது மட்டும் வராது. அந்தக் கதைதான் இது.

அடுப்படியே வேண்டாம்!

1917 புரட்சி முடிஞ்ச கையோட புது ஆட்சிக்கு ஒரு கனவு இருந்துச்சு. பெண்களை அடுப்படியில இருந்து விடுதலை பண்ணணும். வீட்டுக்கு வீடு எதுக்குத் தனித்தனியா சமைக்கணும்? ஊருக்கே பெரிய சமையற்கூடம் கட்டிட்டா போச்சு. 1925ல இவானவோ-வஸ்னெசென்ஸ்க்ங்கற நெசவாலை ஊர்ல முதல் 'சமையல் தொழிற்சாலை' திறந்தாங்க. நிஜமாவே ஃபேக்டரி மாதிரி, மெஷின் வெச்சு, ஆயிரக்கணக்குல சாப்பாடு. மாஸ்கோவுல மொய்ஸேய் கின்ஸ்பர்க்ங்கற கட்டடக் கலைஞர், 1930 வாக்குல கட்டி முடிச்ச நார்கோம்ஃபின் குடியிருப்புல பல வீடுகளுக்கு முழு அடுப்படியே வைக்கல. ஒரு ஓரமா சின்ன மாடம், அவ்ளோதான். சாப்பிட பொது உணவுக்கூடம் இருக்கே! 1931ல 'சமையலறை அடிமைத்தனம் ஒழிக'ங்கற அர்த்தத்துல போஸ்டரே வந்துச்சு.

கனவு நல்ல கனவுதான், கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா நடைமுறையில பெரும்பாலான நகரத்து ஜனங்களுக்குக் கிடைச்சது 'கொம்முனால்கா'. அதாவது பழைய பணக்காரங்களோட பெரிய ஃபிளாட்டுகளைப் பிரிச்சு, ஒரு குடும்பத்துக்கு ஒரு ரூம். குளியலறை, கக்கூஸ், அடுப்படி எல்லாம் பொது. நம்மூர் ஒண்டுக்குடித்தனம் ஞாபகம் வருதா? அதேதான். ஆனா இங்க யாரோட ஒண்டுறதுங்கறதை அரசாங்கம் முடிவு பண்ணும். பொது அடுப்படியில குடும்பத்துக்கு ஒரு மேஜை, ஒரு ஸ்டவ். பல இடங்கள்ல குடும்பத்துக்கு ஒரு பல்பு, அதுக்குத் தனி ஸ்விட்ச், யார் கரண்டு யார் கணக்குன்னு சண்டை வராம இருக்க. வாசல் மணிக்கும் கணக்கு உண்டு: ஒரு அடி அடிச்சா முதல் குடும்பம், மூணு அடிச்சா மூணாவது குடும்பம்.

இந்த மணி விஷயத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்க நண்பர் வந்து மணி அடிச்சா, எந்தக் குடும்பத்துக்கு ஆள் வந்திருக்குன்னு எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். வந்தது யார், எத்தனை மணிக்குப் போனார்ங்கறதும் தெரியும். ஸ்டாலின் காலத்துல (ஜோசப் ஸ்டாலின்ங்க, நம்மூர்ல பேர் வெக்கக் காரணமா இருந்தவர்), அதுவும் 1937-38 கைதுகள் நடந்த சமயத்துல, பக்கத்து ரூம்காரர் எழுதிப் போடற ஒரு மொட்டைக் கடுதாசி உங்களை சைபீரியா வரைக்கும் கொண்டு போய் விட்ரும். உங்க ரூம் மேல அவருக்குக் கண்ணு இருந்தா இன்னும் வசதி. அப்படிப்பட்ட வீட்ல அடுப்படிங்கறது வாயைத் திறக்கக் கூடாத இடம்.

ஒரு கதவு வந்தது

1953 மார்ச்ல ஸ்டாலின் செத்தார். 1956 பிப்ரவரியில குருஷேவ் கட்சி மாநாட்டுல, மூடின கதவுக்குள்ள, ஸ்டாலின் பண்ணின அக்கிரமங்களைப் பத்திப் பேசினார். இது எல்லாரும் பாடப் புத்தகத்துல படிச்சது. ஆனா சாதாரண ஜனங்களோட வாழ்க்கையை இதே அளவுக்கு மாத்தின இன்னொரு வேலையையும் அவர் பண்ணினார். 1955ல 'கட்டடங்கள்ல ஆடம்பரம் வேண்டாம்'னு ஒரு ஆணை, 1957 ஜூலையில வீட்டு வசதிக்கு இன்னொரு ஆணை. குடும்பத்துக்கு ஒரு தனி வீடுங்கறதுதான் இலக்கு.

சீக்கிரமாவும் கட்டணும், மலிவாவும் கட்டணும். விட்டாலி லகுட்டென்கோங்கற என்ஜினியர் 'கே-7'னு ஒரு மாடல் போட்டார். சுவரை எல்லாம் ஃபேக்டரியிலேயே கான்கிரீட் பலகையா வார்த்து லாரியில கொண்டு வந்து, சீட்டுக்கட்டு அடுக்கற மாதிரி அடுக்க வேண்டியது. அஞ்சு மாடி, லிஃப்ட் கிடையாது, தாழ்வான கூரை. மாஸ்கோவோட செரியோமுஷ்கி பகுதியில முதல்ல சோதனை பண்ணிப் பார்த்துட்டு, பிறகு தேசம் பூரா அதே டெம்ப்ளேட்டை காப்பி-பேஸ்ட் பண்ணினாங்க. இந்தப் புதுக் குடியிருப்பு மோகத்தை வெச்சு ஷொஸ்டகோவிச் ஒரு இசை நாடகமே போட்டார், 1959ல அரங்கேறுச்சு. ஜனங்க இந்தக் கட்டடத்துக்கு 'குருஷ்சோவ்கா'ன்னு பேர் வெச்சாங்க. குருஷேவ் பேரையும் குடிசைப் பகுதிக்கான ரஷ்யச் சொல்லையும் ஒட்ட வெச்சு இன்னொரு நக்கல் பேரும் உண்டு.

இதுல அடுப்படியோட அளவு பெரும்பாலும் 5லேருந்து 6 சதுர மீட்டர். நம்ம கணக்குல 55லேருந்து 65 சதுர அடி. ரெண்டு கட்டிலைப் போட்டா நிரம்பிடும். ஜன்னலுக்குக் கீழ சுவத்துல ஒரு குழி, பனிக்காலத்துல அதுதான் ஃபிரிட்ஜ். 'குருஷேவ் ஃபிரிட்ஜ்'னு அதுக்குப் பேர்.

விருந்துக்காக யாரும் இதை டிசைன் பண்ணல. ஆனா இருக்கற ஒண்ணு ரெண்டு ரூம்ல ராத்திரி பாட்டி தூங்குவாங்க, குழந்தை தூங்கும், பகல்ல சோஃபாவா இருந்தது ராத்திரி கட்டிலாயிடும். அப்ப வந்த நண்பர்களை எங்கதான் உக்கார வைக்கறது? மிச்சம் இருக்கற ஒரே இடம் அடுப்படி. அடுப்பு எரியற கதகதப்பு, கெட்டில்ல தண்ணி, கைக்கெட்டுற தூரத்துல எல்லாம். முக்கியமா, சாத்திக்க ஒரு கதவு. பல தலைமுறைக்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்குக் கிடைச்ச முதல் சொந்தக் கதவு அது. இன்ன நபர் உள்ள வரலாம், இன்னார் வரக்கூடாதுன்னு முடிவு பண்ற உரிமை அந்தக் கதவோட சேர்ந்து வந்துச்சு.

ஹோட்டலுக்குப் போகலாமே?

போகலாம். போனா வாசல்ல 'இடமில்லை'ன்னு பலகை தொங்கும். உள்ள பாதி மேஜை காலியா இருக்கும், ஆனாலும் பலகை தொங்கும். காவலாளி கையில ஏதாவது அழுத்தினா இடம் திடீர்னு உருவாகும். ஹோட்டல் எண்ணிக்கையும் குறைவு, விலையும் சம்பளத்துக்கு எட்டாது. எல்லாத்துக்கும் மேல, பக்கத்து மேஜையில உக்காந்திருக்கறவர் யாருன்னு உங்களுக்குத் தெரியாது.

அதனால வீடு. மெனு என்ன? முதல்ல 'அவோஸ்கா'வைச் சொல்லணும். கைக்குள்ள சுருட்டி வெச்சுக்கற வலைப் பை. 'ஒருவேளை கிடைச்சாலும் கிடைக்கும்'ங்கற அர்த்தம் வர்ற ரஷ்யச் சொல்லுல இருந்து வந்த பேர். எந்தத் தெருவுல எந்தக் கடையில திடீர்னு என்ன வரும்னு தெரியாது, அதனால எப்பவும் பையோட அலையணும். வேலை பாக்கற இடத்துல பண்டிகைக்கு முன்னாடி ஒரு பொட்டலம் குடுப்பாங்க, டப்பா பட்டாணி, டப்பா மீன் மாதிரி. அதைத் தொடாம எடுத்து வெப்பாங்க, விருந்தாளி வரும்போது உடைக்க. ஊருக்கு வெளிய 600 சதுர மீட்டர் தோட்டம் ஒதுக்கீடு கிடைச்சவங்க வெள்ளரிக்கா, முட்டைக்கோஸ், தக்காளி எல்லாத்தையும் ஊறுகா போட்டு ஜாடியில அடுக்குவாங்க.

இந்த மேஜையோட ராஜா 'ஒலிவியே' சாலட். இதோட பூர்வீகக் கதை பிரமாதம். 1860கள்ல மாஸ்கோவுல எர்மிதாஜ்னு பெரிய பணக்காரங்க ரெஸ்டாரண்ட். அங்க லூசியன் ஒலிவியேங்கற சமையல்காரர் உருவாக்கின ஐட்டம் இது. காட்டுக்கோழிக் கறி, நன்னீர் இறால்னு போட்டுப் பண்ணினதாச் சொல்வாங்க. புரட்சியோட அந்த ரெஸ்டாரண்ட் போச்சு, சாலட் மட்டும் பிழைச்சுது. காட்டுக்கோழி இருந்த இடத்துக்கு 1936ல அறிமுகமான 'டாக்டர் சாஸேஜ்' வந்துச்சு. மிச்ச இடத்துக்கு அவிச்ச உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, ஊறுகா வெள்ளரி, டப்பா பட்டாணி, எல்லாத்தையும் சேர்த்துக் கட்ட மயோனைஸ். ஒரு அண்டா கிண்டினா பத்து பேருக்கு வரும். பணக்காரங்க ஹோட்டல் ஐட்டம் வீட்டுக்கு வந்து, ஏழையாகி, அதுக்கப்புறம்தான் தேசிய உணவாச்சு. இன்னிக்கும் ரஷ்யாவுல புத்தாண்டு ராத்திரி இது இல்லாம விடியாது.

குடிக்கிறவங்க கணக்கும் உண்டு. 1960கள்ல அரை லிட்டர் வோட்கா 2 ரூபிள் 87 கோபெக். மூணு பேர் ஆளுக்கு ஒரு ரூபிள் போட்டா ஒரு பாட்டில், மிச்சம் 13 கோபெக். 'மூணு பேரா யோசிக்கலாமா?'ங்கறது அந்த ஊர்ல ஒரு சொலவடை ஆகற அளவுக்கு இந்தக் கணக்கு பிரபலம். நம்ம 'பில்லைப் பிரிச்சுக்கலாம்' ஆப் எல்லாம் இதுக்கு அப்புறம்தான் :-)

குழாயைத் திற, பேச்சைத் தொடங்கு

சாப்பாட்டை விடுங்க, பேச்சுதான் மெயின் டிஷ். பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சில சடங்குகள் உண்டு. குழாயைத் திறந்து விடுவாங்க, இல்லைன்னா ரேடியோவைச் சத்தமா வெப்பாங்க. ஒட்டுக் கேக்கற கருவி இருந்தா அதுக்குத் தண்ணிச் சத்தம்தான் கேக்கும். டெலிபோன் மேல தலையணையைப் போட்டு அமுக்குவாங்க. டயல் ஓட்டையில பென்சிலைச் செருகி வெக்கறதும் உண்டு.

அப்புறம் ஜோக். கடைக்குப் போன ஒருத்தர் "உங்க கிட்ட கறி இல்லையா?"ன்னாராம். "எங்க கிட்ட மீன்தான் இல்லை. கறி இல்லாத கடை எதிர்த்தாப்புல இருக்கு"ன்னாராம் கடைக்காரர். ஸ்டாலின் காலத்துல இந்த மாதிரி ஜோக்குக்கு வருஷக்கணக்குல உள்ள போனவங்க இருக்காங்க. இப்ப அதை அடுப்படியில சொல்லிச் சிரிக்க முடிஞ்சுது.

யாராவது கிதார் எடுப்பாங்க. புலாத் ஒகுட்ஜாவா, அலெக்ஸாந்தர் காலிச், விளாதீமிர் விசோத்ஸ்கி மாதிரி பாடகர்களோட பல பாட்டுகள் அரசாங்க இசைத்தட்டுல வராது. அடுப்படியில யாரோ பாட, மேஜை மேல டேப் ரெக்கார்டர் சுத்தும். அதுல இருந்து இன்னொரு டேப், அதுல இருந்து இன்னொண்ணு. ஸ்டூடியோ இல்லாம, விளம்பரம் இல்லாம தேசம் பூரா பரவுச்சு. புத்தகமும் அப்படித்தான். தடை பண்ணின எழுத்தை டைப்ரைட்டர்ல மெல்லிசுத் தாள், கார்பன் வெச்சு நாலஞ்சு காப்பி தட்டுவாங்க. இதுக்கு 'சமிஸ்தாத்'னு பேர், 'சுய பதிப்பு'ன்னு வெச்சுக்கலாம். வாங்கினவர் படிச்சுட்டு அவர் பங்குக்கு நாலு காப்பி தட்டணும். நாலு பதினாறாகும், பதினாறு அறுபத்து நாலாகும். நம்ம துறைக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, சர்வரே இல்லாத பியர்-டு-பியர் நெட்வொர்க். ஒவ்வொரு அடுப்படியும் ஒரு நோட். சர்வர் இருந்தாத்தானே முடக்க முடியும்?

இந்த நட்பு வட்டங்கள் வெறும் அரட்டையோட நிக்கல. 1968 ஆகஸ்ட்ல சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள்ள போச்சு. ஆகஸ்ட் 25ம் தேதி மாஸ்கோ செஞ்சதுக்கத்துல எட்டு பேர் உக்காந்து எதிர்ப்பு காட்டினாங்க. மொத்தம் சில நிமிஷம்தான், அடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. அதுல நத்தாலியா கர்பனேவ்ஸ்கயாங்கற கவிஞர் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில வெச்சுக்கிட்டு வந்திருந்தாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல தொடங்கின 'நடப்பு நிகழ்ச்சிகளின் குறிப்பேடு'ங்கற தட்டச்சு இதழோட முதல் ஆசிரியர் அவங்கதான். யார் கைது, யார் வீட்ல சோதனைன்னு உணர்ச்சிவசப்படாம தகவலை மட்டும் சொல்ற இதழ். இவ்வளவு பெரிய தேசத்துல இந்த எட்டு பேர் ஒருத்தரையொருத்தர் நம்பினது எப்படி? பல ராத்திரி ஒரே மேஜையில டீ குடிச்சவங்களுக்குத்தான் அப்படி நம்ப முடியும்.

பில் யார் கட்டினது?

இங்க ரெண்டு விஷயம் சொல்லாம விட்டா இது வெறும் கொசுவத்தி சுருள் ஆயிடும்.

ஒண்ணு, அந்த ஒலிவியேவைக் கிண்டினது யார்? பகல் பூரா ஆபீஸ்லயோ ஃபேக்டரியிலயோ வேலை பாத்துட்டு, க்யூவுல நின்னு, அவோஸ்காவைத் தூக்கிட்டு நாலு மாடி ஏறி, சமைச்சு, ராத்திரி ரெண்டு மணிக்குப் பாத்திரம் கழுவினது பெரும்பாலும் பெண்கள்தான். 1969ல நத்தாலியா பரான்ஸ்கயா 'நோவி மிர்' இதழ்ல ஒரு குறுநாவல் எழுதினாங்க. ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பாக்கற ஒரு இளம் அம்மாவோட ஒரே ஒரு வாரம், அவ்ளோதான் கதை. அடுப்படியில இருந்து விடுதலைன்னு தொடங்கின தேசத்துல அந்த அம்மா ஓடற ஓட்டத்தைப் படிச்சா நமக்கு மூச்சு வாங்கும். விடுதலையைப் பத்தி ஆம்பளைங்க மேஜையில பேசிட்டு இருக்கும்போது சிங்க்ல தட்டு சேர்ந்துக்கிட்டே இருந்துச்சு. அந்தத் தண்ணிச் சத்தம் எப்பவுமே ஒட்டுக் கேக்கறவங்களுக்காக மட்டும் இல்லை.

ரெண்டு, கதவைச் சாத்தினாலும் ஆபத்து போகல. உள்ள வந்த நண்பரே போய்ச் சொல்லலாம். 'இவரைக் கூப்பிடலாமா?'ங்கற ஒவ்வொரு முடிவும் ஒரு பந்தயம்.

அரசாங்கமும் விருந்தோட மதிப்பை நல்லாத் தெரிஞ்சு வெச்சிருந்தது. ஹைட்ரஜன் குண்டு உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஆந்திரேய் சகாரொவ், பிற்பாடு மனித உரிமைக்காகப் பேச ஆரம்பிச்சார், 1975ல நோபல் அமைதிப் பரிசு. அவரும் மனைவி யெலேனா போனரும் மாஸ்கோவுல ச்கலோவ் தெரு வீட்ல, சின்ன அடுப்படியில, நியாயம் கேட்டு எங்கெங்கிருந்தோ வந்தவங்களை உக்கார வெச்சுப் பேசினாங்க. 1980 ஜனவரியில அவரைக் கார்க்கி நகரத்துக்கு நாடு கடத்தினாங்க. ஜெயில்ல போடல, ஒரு ஃபிளாட் குடுத்தாங்க. போன் கிடையாது. வாசல்ல ராப்பகலா காவல். அந்தக் காவலோட முக்கியமான வேலை, விருந்தாளியை உள்ள விடாம இருக்கறது! சாப்பாடு உண்டு, கூரை உண்டு, கூட உக்காந்து சாப்பிட நண்பர்கள் மட்டும் கிடையாது. கிட்டத்தட்ட ஏழு வருஷம். 1986 டிசம்பர்ல திடீர்னு ஆள் வந்து போன் வெச்சுட்டுப் போனாங்க. மறுநாள் அதுல கூப்பிட்டது கோர்பசேவ், திரும்பி வரச் சொல்லி.

அதுக்கப்புறம் கதை வேகமா ஓடுது. அடுப்படியில கிசுகிசுத்ததைப் பத்திரிகையில எழுதலாம், தெருவுல பேசலாம்னு ஆச்சு. 1987ல மாஸ்கோவுல முதல் தனியார் கூட்டுறவு ரெஸ்டாரண்ட். 1990 ஜனவரி 31ல புஷ்கின் சதுக்கத்துல மெக்டொனால்ட்ஸ் திறந்தப்ப முதல் நாள் மட்டும் 30,000 பேருக்கு மேல க்யூவுல நின்னு சாப்பிட்டாங்க. 1991ல சோவியத் யூனியனே இல்லை. 2022ல உக்ரைன் போரோட அந்த மெக்டொனால்ட்ஸும் ரஷ்யாவை விட்டுப் போயிடுச்சு. 2017ல மாஸ்கோ நகராட்சி 5,000க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களை இடிச்சு, சுமார் பத்து லட்சம் பேருக்கு வேற வீடு குடுக்கற திட்டத்தை அறிவிச்சுது. அதுல பெரும்பாலானவை நம்ம குருஷ்சோவ்காதான். புது ஃபிளாட்டுல அடுப்படி பெருசு.

எனக்குப் புரிஞ்சது இதுதான். ஹோட்டல்ல யார் வேணும்னாலும் உள்ள வரலாம், காசு இருந்தா போதும். வீட்டு அடுப்படிக்குள்ள வர வேற ஒண்ணு வேணும். 'இவன் கிட்ட எதை வேணும்னாலும் பேசலாம்'ங்கற நம்பிக்கை. அந்த மேஜையில இருந்ததுலயே விலை ஒசத்தியான ஐட்டம் அதுதான், மிச்சமெல்லாம் உருளைக்கிழங்கு. நமக்கு அந்த ஊர் மாதிரி பயம் இல்லை, சந்தோஷம். ஆனா குரலைத் தாழ்த்தாம, போனைப் பாக்காம, மனசுல இருக்கறதை அப்படியே கொட்டற மாதிரி எத்தனை பேரோட ஒரே மேஜையில உக்காந்திருக்கோம்? எண்ணிப் பாத்தேன். எனக்கு அஞ்சு பேர் தேறினாங்க. அஞ்சு பேருக்கு ரசம் வெக்க ஒரு எலுமிச்சை அளவு புளி போதும்.

உங்க கணக்கு எவ்ளோ? பின்னூட்டத்துல சொல்லுங்க. பாத்திரம் யார் கழுவறாங்கங்கறதையும் சேர்த்துச் சொல்லணும், சொல்லிட்டேன்!